முகம் வராத ஞாயிற்றுக்கிழமைகள்

1

போன வாரம் நூரம்பர்க் சுரங்க ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கல்லூரியில் படிக்கிற வயது. இருவருக்கும் காது கேட்காது என்பது அவர்களுடைய கைகள் பேசத் தொடங்கியதுமே தெரிந்துவிட்டது. அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் கூட்டம். மற்றவர்கள் செய்தித்தாளையோ இருட்டுச் சன்னலையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அந்தக் கைகளையே பார்த்தேன். அப்படிப் பார்ப்பதும் ஒட்டுக்கேட்பது மாதிரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

பேச்சின் நடுவே ஒருத்தி இரண்டு கைகளையும் நெற்றியின் ஓரத்துக்குக் கொண்டுபோய், விரலை நீட்டிக் கொம்பு காட்டினாள். நான் சிரித்துவிட்டேன். "காங்கேயம்" என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள். தோழியிடம் ஏதோ சொன்னாள். இருவரும் எழுந்து கதவோரமாகப் போய் நின்றுகொண்டார்கள்.

அவள் சொன்னது மாடாக இருக்கலாம், பிசாசாக இருக்கலாம். இந்த ஊர்ச் சைகை மொழி எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் கொம்புக்குக் காங்கேயம் என்று பொருள். மாட்டுக்குப் பேர்போன அந்த ஊரில்தான் எங்கள் பெரியம்மா இருக்கிறார். அந்தச் சைகையைக் கண்டுபிடித்தவள் என் தங்கை தனலட்சுமி. இந்த ஆவணியில் அவள் இறந்துபோனாள்.

அன்றைக்கு நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

தனாவுக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தப்பினாள், காது போய்விட்டது. அப்பா அவளைக் கோயம்புத்தூரில் ஒரு காதுகேளாதோர் பள்ளி விடுதியில் சேர்த்தார். ஐந்தாம் வகுப்பு வரை அங்கே இருந்தாள். பிறகு அப்பா இறந்ததும் எங்கள் ஊரான நல்லூருக்கே திரும்பி வந்துவிட்டாள். எழுத்து தெரியும். ஆனால் எழுதினால் வாக்கியம் அவளுடைய கை பேசுகிற வரிசையில்தான் வரும்.

வீட்டில் எங்கள் மூன்று பேருக்கும் ஒரு பாஷை இருந்தது. பள்ளியில் கற்றது கொஞ்சம், மீதியெல்லாம் அவளே வைத்தது. அம்மா என்றால் மூக்குத்தியைத் தொடுவது. அப்பாவுக்கு மீசையை முறுக்குவது. அப்பா மீசையே வைத்ததில்லை; அவருடைய கோபத்துக்காக அவள் கொடுத்த மீசை அது. ஊத்துக்குளி என்றால் விரலை நக்கிக் காட்டுவாள், வெண்ணெய்க்காக. நான் என்றால் மூக்கில் இல்லாத கண்ணாடியை ஒற்றை விரலால் மேலே தள்ளுவாள். நான் ஜெர்மனிக்கு வந்த பிறகு அதற்கும் ஒரு பெயர் வைத்தாள். தோளைக் குறுக்கிக்கொண்டு வெடவெடவென்று நடுங்குவாள். அவ்வளவுதான் ஜெர்மனி.

பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் அவளுக்கு வேலை. பக்கத்துக் கூடத்தில் நிட்டிங் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது, எல்லோரும் கத்துவார்கள். தனா மட்டும் கத்தாமல் வேண்டியதைச் சொல்லிவிடுவாள். அவளோடு வேலை செய்தவர்களில் பலர் அவளுடைய பாஷையைக் கொஞ்சம் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். நன்றாகப் பிடித்துக்கொண்டவள் செல்வராணி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. சூப்பர்வைசர் என்ற சொல்லுக்கு அவர்கள் இருவரும் வைத்திருந்த சைகையை இங்கே எழுத முடியாது.

நான் வெளிநாடு வந்து முதல் ஏழெட்டு வருஷம் தனாவோடு பேசவே வழியில்லை. தொலைபேசியில் அம்மா பேசுவார். பக்கத்தில் தனா இருப்பாள். "அவ உன்னையக் கேட்டான்னு சொல்லச் சொல்றா கண்ணு" என்பார் அம்மா. அவள் கேட்டது அது மட்டுமாக இருக்காது என்று எனக்குத் தெரியும். ஒரு பக்கக் கடிதம் அளவுக்குக் கை ஆட்டியிருப்பாள். அம்மாவுக்கு அதை வாயால் சொல்லத் தெரியவில்லை.

2008-இல் விடுமுறைக்குப் போனபோது ஒரு சிறிய லேப்டாப் வாங்கிக்கொண்டு போனேன். உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அளவுதான் இருக்கும். திரைக்கு மேலே கேமரா. மின்வெட்டு நேரத்திலும் பேட்டரியில் ஓடும். லினக்ஸை நானே அதில் ஏற்றி, முகம் பார்த்துப் பேசும் மென்பொருளையும் போட்டு, எதை அமுக்க வேண்டும் என்று செல்வராணிக்கும் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே மதியம், அங்கே சாயங்காலம். திரையில் தனா வந்தாள். நான் கண்ணாடியைத் தள்ளிக் காட்டினேன். அவள் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, எட்டு வருஷத்துக் கதையையும் ஒரேயடியாகச் சொல்லத் தொடங்கினாள். படம் விட்டுவிட்டு வந்தது. பாதிக் கை இங்கே, மீதிக் கை அங்கே என்று நின்று நின்று நகர்ந்தது. அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

3

என் மகள் நித்யாவுக்குப் பதினொரு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பதில் ஜெர்மனில்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை நான் திரைக்கு முன்னால் கை ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அவள் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். ஒருமுறை கூப்பிட்டு உட்காரவைத்தேன். தனா அவளுடைய பின்னலைக் காட்டி, அழகு என்று சொன்னாள். நித்யா பதிலுக்குப் புன்னகைத்துவிட்டு, "நான் போகலாமா?" என்று ஜெர்மனில் கேட்டாள். என் மனைவி சுகந்தி என்னைப் பார்த்தாள். "போ" என்றேன்.

என் வேலையைப் பற்றி ஊரில் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. லேப்டாப் டிரைவர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதைக் கேட்டு, காங்கேயத்தில் ஒரு கல்யாணத்தில் பெரியவர் ஒருவர் அன்போடு விசாரித்தார். "ஏனுங்க, அங்கெல்லாம் வண்டி வலப்பக்கந்தான் ஓட்டோணும்ங்களாமா? சிரமமில்லீங்களா?" பழகிவிட்டது என்றேன்.

இந்த டிரைவர் ஓட்டுநர் அல்ல. கணினியின் இயங்குதளத்துக்கு அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. திரை, விசிறி, கேமரா என்று ஒவ்வொன்றும் அதனோடு பேச ஒரு சிறிய நிரல் வேண்டும். அதைத்தான் டிரைவர் என்கிறோம். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் எல்லா இயந்திரத்திலும் ஏற்ற முடியாது. ஆகவே எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றுக்கும் குறித்துவைத்து, அதன்படி கெர்னலைத் தயாரிப்போம்.

தொல்லை என்னவென்றால் ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருக்கும். லேப்டாப்பில் இது மிகவும் அதிகம். திரையின் வெளிச்சம், கேமராவின் மின்சாரம், கம்பியில்லா இணைப்பை அணைக்கும் சுவிட்ச் எல்லாம் ஒரே டிரைவரின் கையில் இருக்கும். அந்தச் சார்பை இரண்டு விதமாக எழுதலாம். 'அது இருந்தால்தான் நான் வருவேன்' என்பது ஒன்று. 'நான் வந்தால் அதையும் இழுத்துக்கொண்டு வருவேன்' என்பது மற்றொன்று. முதல் விதத்தில் எழுதி, அந்த மற்றது இல்லாமல் போனால், டிரைவர் சத்தமில்லாமல் காணாமல் போகும். புதிதாக ஒன்று சேர்ந்தால் வேண்டுமா என்று கருவி நம்மிடம் கேட்கும். இருந்தது போனால் ஒன்றும் சொல்லாது. இரண்டாம் விதத்தில், இழுத்துக்கொண்டு வந்தது தனக்கு வேண்டியவை இல்லாமல் வந்து நிற்கும். தயாரிப்பே பாதியில் உடையும். எங்கள் நிறுவனத்தில் இந்தச் சார்புகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை.

4

இந்த வருஷம் மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அழைப்பு வந்தது, திரையில் ஒரே கறுப்பு. செல்வராணியின் குரல் மட்டும் கேட்டது.

"அண்ணே, பெட்டி ஓடுது. ஒங்க முகம் இங்க தெரியுது. எங்க முகந்தான் வரமாட்டுக்கு."

"ஏதாவது மாத்துனியா?"

"நான் ஒண்ணும் தொடலண்ணே. புதுசு வந்திருக்கு, போடட்டுமான்னு கேட்டுச்சு. சரின்னு அமுக்கினேன்."

அப்டேட். கேமராவையே காணவில்லை என்றது கணினி. தனாவுக்கு நான் தெரிந்தேன், எனக்கு அவள் தெரியவில்லை. நான் கையால் சொன்னேன்: சரிசெய்கிறேன், பொறு. அவள் என்ன பதில் சொன்னாளோ.

அடுத்த நாள் தனாவின் குறுஞ்செய்தி வந்தது. 'அண்ணா நேத்து முகம் இல்லை. முகம் எப்போ வரும்.'

அலுவலகத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். அந்தச் சிறிய லேப்டாப்பின் டிரைவரில் கம்பியில்லா இணைப்பின் சுவிட்சுக்காக யாரோ ஒருவர் ஒரு வசதி சேர்த்திருந்தார். நல்ல வசதி. கூடவே, சுவிட்சைக் கவனிக்கும் பகுதி இருந்தால்தான் இந்த டிரைவர் வரும் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். சிறிய லேப்டாப்புகளுக்காக மெலிதாகத் தயாரிக்கும் கெர்னலில் அந்தப் பகுதியை ஏற்கெனவே அணைத்துவைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்ததில் டிரைவர் உதிர்ந்துபோனது. அதோடு கேமராவும் போனது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

தனாவுக்காக மட்டும் ஒரு கெர்னலைத் தயாரித்து இணையத்தில் ஏற்றினேன். நல்லூரில் அப்போது மின்வெட்டு. இறக்கிக்கொண்டிருக்கும்போதே மோடம் அணைந்துவிடும். செல்வராணி மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள், மறுபடி அணையும். ஞாயிறுகள் போய்க்கொண்டிருந்தன. தொலைபேசியில் அம்மா, "நல்லாத்தான் இருக்கறா கண்ணு, வேலைக்குப் போயிருக்கறா" என்பார். வேறொரு வாரம், "தூங்கறா" என்பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

எல்லோருக்குமான அப்டேட் என்றால் மோடம் அணைந்தாலும் விட்ட இடத்திலிருந்து இறங்கும்; அதிலேயே சரிசெய்வதுதான் ஒரே வழி என்று தோன்றியது. மாற்றத்தை எழுதி, உலகெங்கும் இருக்கும் நிரலாளர்கள் விவாதிக்கும் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினேன். டிரைவர் வந்தால் சுவிட்ச் பகுதியையும் இழுத்துக்கொண்டு வரட்டும் என்று எழுதியிருந்தேன். இந்த டிரைவர்களைப் பராமரிப்பவர் இங்கிலாந்துக்காரர். நான் நேரில் பார்த்ததில்லை. இழுத்து வராதே, உனக்கு வேலை நடக்கும், இன்னொருவருக்கு உடையும் என்று பதில் எழுதினார். அவர் சொன்னது சரி.

மறுபடி எழுதினேன். இந்த முறை ஒரே ஒரு வரி. சுவிட்ச் பகுதி இருந்தாலும் டிரைவர் வரும், இல்லாவிட்டாலும் வரும். இரண்டும் இருக்கும்பட்சத்தில் மட்டும் டிரைவர் அதற்கு முன்னால் போய் நின்றுகொள்ளக் கூடாது. அந்த ஒரு வரிக்கு அவ்வளவுதான் பொருள்.

இதுதான் சரி என்று எழுதிய அவர், இந்தச் சிக்கலில் உண்மையிலேயே யாராவது மாட்டியிருக்கிறார்களா என்றும் கேட்டிருந்தார். வழக்கமான கேள்வி அது. என் தங்கை, அவளுக்குக் காது கேட்காது என்று பதில் அனுப்பினேன். அப்படியானால் இந்த வாரமே கெர்னலில் சேர்க்க மேலே அனுப்பிவிடுகிறேன் என்றார். அனுப்பியும்விட்டார்.

5

சித்திரை பிறந்த பிறகு அந்தத் திருத்தம் அப்டேட்டில் நல்லூருக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் வந்தது.

முதலில் தனாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் ஊதியிருந்தது. கண்ணிமைகள் தடித்து, சிரித்தால் கண் காணாமல் போனது. கேமராவின் கோளாறாக இருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். அவள் கண்ணாடியைத் தள்ளிக் காட்டி என்னை அழைத்துவிட்டு, இடது கையை நீட்டி, வலது விரலால் முழங்கைக்குக் கீழே குத்திக் காட்டினாள். பிறகு அதே விரலைக் காற்றில் வட்டமாகச் சுற்றினாள். நிட்டிங் மெஷினுக்கு எங்கள் வீட்டில் அதுதான் சைகை.

மெஷினில் கை மாட்டிக்கொண்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி குத்தினாள், சுற்றினாள். பிறகு இரண்டு கைகளையும் இடுப்பின் பின்பக்கம் வைத்து, விரித்து, ஒன்றுமில்லை என்று காட்டினாள். எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா திரையை விட்டு விலகிப் போனார்.

"அம்மா, என்ன சொல்றா இவ?"

செல்வராணிதான் பேசினாள். "சொல்லிருங்கம்மா. இனி மறைச்சு என்ன ஆவப்போவுது."

அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். "கிட்னி ரெண்டும் போயிருச்சு சாமி. கோயமுத்தூருக்குக் கூட்டிப் போறோம். வாரத்துக்கு ரெண்டு தடவ ரத்தத்தை எடுத்து மெஷின்ல சுத்தம் பண்ணி உடறாங்க."

"எப்பத்திலிருந்து?"

"தை மாசமே காலு வீங்குச்சு. அவ்வளவு தொலவுல கெடந்து நீ வெசனப்படுவீன்னுதாங்கண்ணு சொல்லல." திரையின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "படம் வராமப் போனது ஒரு வகைக்கு நல்லதுன்னு நெனச்சுட்டேன்."

குறுஞ்செய்தியில் நீ ஏன் சொல்லவில்லை என்று தனாவைக் கேட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் என்றாள். அதற்காகவே ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெட்டிக்கு முன்னால் தலை சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

6

விசா நீட்டிப்புக்காக என் பாஸ்போர்ட் அப்போது வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. நித்யாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஊருக்குப் போக வேண்டும், பாஸ்போர்ட் வேண்டும் என்று அங்கிருந்த அதிகாரி அம்மாளிடம் கேட்டேன். இன்னும் சில வாரம் ஆகும், அதுவரை தொலைபேசியில் பேசிக்கொள்ள முடியாதா என்றார். பதறினால் என் ஜெர்மன் காலை வாரிவிடும். 'டவ்ப்' என்றால் காது கேளாதவர். நான் 'டவ்பெ' என்று சொல்லிவிட்டேன். அவர் காதில் அது புறா என்றுதான் விழுந்தது. உங்கள் தங்கை புறாவா என்று கேட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

நித்யா நாற்காலியை விட்டு எழுந்தாள். திருத்தமான ஜெர்மனில், வேகமாகச் சொன்னாள். "என் அத்தைக்குக் காது கேட்காது. கையால்தான் பேசுவார். இங்கே அப்பாவுக்கு மட்டும்தான் அது புரியும். தொலைபேசி அவருக்குப் பயன்படாது." அத்தையைப் பற்றி அவள் இத்தனை வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. அந்த அம்மாள் சிரிப்பை விட்டுவிட்டு உள்ளே எழுந்து போனார். அந்த வார முடிவில் பாஸ்போர்ட் என் கையில் இருந்தது.

சுகந்தியிடம் கிளம்புவதற்கு முன்பே சொல்லியிருந்தேன். என் கிட்னி பொருந்தினால் ஒன்றைக் கொடுக்கப்போகிறேன் என்று. அவள் வெகுநேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "டாக்டர் சரின்னு சொன்னா குடுங்க" என்றாள்.

நல்லூர் வீட்டில் தனா கட்டிலில் சாய்ந்திருந்தாள். என் இடுப்பிலிருந்து ஒன்றை எடுத்து அவள் இடுப்பில் வைப்பதாகக் காட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். தன் மார்பளவுக்குக் கையை வைத்து நித்யாவின் உயரத்தைக் காட்டி, அவள் வளர வேண்டும், உனக்கு இரண்டும் வேண்டும் என்றாள். ஒன்று போதும் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவளிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது. சிறு வயதிலிருந்தே சண்டையில் அவள் அப்படித்தான் ஜெயிப்பாள். கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போய் நின்றேன். மறுபடி திரும்பினாள். நானும் மறுபடி சுற்றினேன். கடைசியில் சிரித்துவிட்டாள். வலிக்குமா என்று கேட்டாள். கொஞ்சம் என்றேன். அந்த வாரம்தான் பரிசோதனைகள் தொடங்கின. பொருந்தும் என்றார் டாக்டர்.

ஏற்பாடுகள் மாதக்கணக்கில் நடந்துகொண்டிருக்கும்போதே, ஆவணியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். என்னை உள்ளே விட்டபோது, மருந்துக் குழாய்களைப் பிடுங்கிவிடாமல் இருக்க அவளுடைய இரண்டு கைகளையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். எல்லா நோயாளிகளுக்கும் செய்வதுதான். அவளுடைய கண் என்மேல் இருந்தது. கட்டுக்குள் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன.

நர்ஸிடம் போனேன். "சிஸ்டர், ஒரு கையை மட்டும் அவுத்துடுங்க. அவ கையாலதாங்க பேசுவா."

அந்தப் பெண்ணுக்கு யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. சட்டென்று வந்து வலது கைக் கட்டை அவிழ்த்துவிட்டு, என் பக்கத்திலேயே நின்றாள். தனா கையைத் தூக்கப் பார்த்தாள். பாதியில் விழுந்தது. மறுபடி தூக்கினாள். ஒற்றை விரலை மூக்கின் மேல் வைத்து, இல்லாத கண்ணாடியை மேலே தள்ளினாள். பிறகு கையை மெத்தைமேல் வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் போய்விட்டாள்.

கம்பெனியிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். செக்கிங் பெண்கள் வாசலில் ஒருவருக்கொருவர் கையாலேயே பேசிக்கொண்டு நின்றார்கள். அம்மா என்னோடு ஜெர்மனிக்கு வர மாட்டேன் என்றார். "அந்தக் குளுருக்கெல்லாம் நம்ம ஒடம்பு ஆகாது. செல்வராணி பக்கத்துல இருக்கறா. நீ போயிட்டு வா சாமி."

7

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்காருகிறார். செல்வராணி வந்து திறந்துவைத்துவிட்டுப் போகிறாள். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும், வாயும் நன்றாகப் பேசும். தொலைபேசியில் எல்லாக் கதையும் சொல்லிவிடுவார், யார் வீட்டில் என்ன விசேஷம் என்பது உட்பட. படம் வந்தால் மட்டும் பேச்சு வருவதில்லை. நான் திரும்பி வந்த முதல் வாரம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பிறகு விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று கையால் சொன்னேன். அதிலிருந்து இப்படியே போகிறது. அவருக்கு இந்தப் பாஷை தனா அளவுக்கு வராது. தப்பும் தவறுமாகத்தான் பேசுகிறார். நானும் திருத்துவதில்லை.

நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். மாத்திரை முடிந்துவிட்டதா என்று நான் கேட்க, மழை பெய்கிறது என்று அம்மா ஏதோ புரிந்துகொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கமாகப் போன நித்யா கதவருகே நின்றாள். கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா," என்று தமிழில் கேட்டாள், "சத்தம் வரலையா?"

பெட்டியிலிருந்து நல்லூர்த் தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"வருது" என்றேன்.